திசை இருந்தா வெக்டாரா? யாருங்க சொன்னது?

"அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலார், அளவும் திசையும் இருந்தால் வெக்டார்." ரெண்டு மார்க். அடிக்கோடு போட்டு எழுதினா முழுசா கிடைக்கும். ஆனா இது பாதி உண்மைதாங்க.

மின்னோட்டத்தை எடுத்துக்குங்க. ஆம்பியர்ல அளவு இருக்கு, படத்துல அம்புக்குறியும் போடுறோம். அப்போ வெக்டாரா? இல்லை, ஸ்கேலார். ஒரு சந்திப்புக்கு ரெண்டு கம்பி வழியா 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் வந்தா, மூணாவது கம்பியில 7 ஆம்பியர்தான் வெளியே போகும். கம்பிகளுக்கு நடுவே என்ன கோணம் இருந்தாலும் 7 தான். இதுவே 3 நியூட்டன், 4 நியூட்டன் விசைன்னா கதையே வேற. ஒரே திசைன்னா 7, செங்குத்துன்னா 5, எதிரெதிர்னா 1. இணைகர விதிப்படி கூட்ட முடிஞ்சாத்தான் அது வெக்டார். திசை மட்டும் இருந்தா பத்தாது.

இன்னொண்ணு. மேஜையில அட்டை மேல பார்க்க ஒரு புத்தகத்தை வைங்க. அட்டை உங்க முகத்தைப் பார்க்கிற மாதிரி 90 டிகிரி நிமிர்த்துங்க. அப்புறம் கடிகார முள் திசையில 90 டிகிரி சுத்துங்க. அட்டை உங்களையேதான் பார்க்கும். இதே ரெண்டையும் வரிசை மாத்திச் செஞ்சா அட்டை வலது பக்கம் பார்க்கும்! சுழற்சிக்கு அளவும் உண்டு, அச்சின் திசையும் உண்டு. ஆனா முன்னே பின்னே மாத்திக் கூட்டினா விடை மாறுதே, அது எப்படி வெக்டார் ஆகும்?

"ஸ்கூல் பசங்களுக்கு இவ்வளவு எதுக்குப்பா"ன்னு சிலர் வருவாங்க. ஐயா, என்சிஇஆர்டி பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்திலேயே முக்கோண விதியையும் சேர்த்துத்தான் வரையறை இருக்கு. நோட்ஸ் போடுறவங்கதான் பின்பாதியை வெட்டிடறாங்க. "சார், கரன்டுக்கும் அம்புக்குறி இருக்கே?"ன்னு கேட்கிற பையனுக்கு "சிலபஸ்ல இல்ல, உட்காரு"ன்னு பதில். அவன் அதுக்கப்புறம் கேட்கவே மாட்டான். எனக்கு வயித்தெரிச்சல் அதுலதான்.

அப்படி உட்கார்ந்தவங்கதான் பட்டம் வாங்கிட்டு வந்து, முப்பரிமாண மென்பொருள்ல சுழற்சிக் கோணங்களை இஷ்டத்துக்குக் கூட்டிப் போட்டு, கேமரா ஏன் கூரையைப் பார்க்குதுன்னு முழிக்கிறாங்க. என் வேலையில தினம் பார்க்கிற கூத்து இது :-)

கேள்வித்தாள் எடுக்கிற புண்ணியவான்களே, ஒரே ஒரு வேண்டுகோள். "வெக்டார் வரையறு"ங்கிறதைத் தூக்கிட்டு, "மின்னோட்டம் ஏன் வெக்டார் அல்ல?"ன்னு கேளுங்க. அதே ரெண்டு மார்க்தான். மனப்பாடம் பண்ணினவன் யாரு, புரிஞ்சவன் யாருன்னு அப்போ தெரியும்.