அடுத்த ஆண்டு விலை என்ன?
கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் போடும் சாப்ட்வேரில் வேலை பார்ப்பவன் நான். சேல்ஸ்போர்ஸ் சிபிக்யூ போன்றவற்றில் சந்தாவைப் புதுப்பிக்கும் விலைக்கென்றே ஒரு செட்டிங் உண்டு. பழைய விலையே தொடரலாம். அதில் சில சதவீதம் கூட்டலாம். அல்லது அன்றைய பட்டியல் விலையைப் போடலாம்.

1,000 ரூபாய் சந்தாவைத் தள்ளுபடியில் 600க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு பட்டியல் விலை 1,200 ஆகிறது. முதல் வழியில் 600. ஐந்து சதவீதம் கூட்டினால் 630. மூன்றாவதில் முழுதாக 1,200. தள்ளுபடி போயே போச்சு! எந்த வழி என்பது விற்பவருக்கு முன்பே தெரியும். அதை முதல் கொட்டேஷனிலேயே அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. புரோகிராமில் அது பெரிய வேலையும் இல்லை.

வீட்டு ஆன்ட்டி வைரஸ் சந்தாவிலும் முதல் ஆண்டுச் சலுகை இப்படி மறையலாம். பணம் கட்டும் முன் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். ஆட்டோ ரினியூவல் டிக்கை எடுத்துவிடுங்கள்.