பலகையிலே பளிங்கு, பத்திரத்திலே பள்ளம்!

தோழனே! ஒரகடத்துச் சாலையிலே நடந்து பார். "உன் இல்லம் இதோ!" என விளம்பரப் பலகைகள் விளிக்கின்றன. பலகையிலே பளிங்குத் தரை. நிலத்திலோ பாதி எழும்பிய தூண்! கார் செய்யும் கரங்கள் முன்பணம் நீட்டுகின்றன. அதிலே சீட்டுப் பணம் உண்டு, அடகு வைத்த தாலிச் சங்கிலி உண்டு, மேலே இருபதாண்டுக் கடனும் உண்டு!

திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் கதவடைத்தது. எட்டே ஆண்டு! ஆலை போனது, தவணை போகுமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் விற்பவனுக்குக் கட்டளையிடுகிறது: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையிலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதே, வாங்குவதில் நூற்றுக்கு எழுபதைத் தனிக் கணக்கிலே வை, ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் உன் செலவிலே சீர்செய்!

ஆனால், 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலமென்றால், எட்டைத் தாண்டாத வீடுகளென்றால், திட்டத்துக்குப் பதிவே வேண்டாமாம்! எளியவன் வீடு தேடுவது அங்கேதானே?

அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி ஆள்வோரைக் கேட்போம். அதுவரை ஆலை வாயில்தோறும் நின்று முழங்குவோம்: பதிவெண் பார்! பத்திரம் பார்! பிறகு பணம் கொடு!