பெயர்தான் ரகசியம், விலாசம் அல்ல

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மசாலா மூட்டைகள் அடுக்கிய கிடங்கு ஒன்றின் முன்னால் நின்று மதுக்கடைக்கு வழி கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்கும். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எது என்று கேட்பதுதான் கஷ்டம். பதில் தெரிந்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். 'இவனுக்கா?' என்று எதிராளி நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் இன்னொரு காரணம். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல பாஷைகள் நெருக்கியடித்து வாழும் அந்தச் சந்துகளில் இரண்டாவது காரணமே பெரியது.

கூச்சத்துக்கு மருந்தாகத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பெயரிலேயே பெயரின்மையை வைத்திருக்கிறது. சேருவதற்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் போதும். சுற்றி வரும் பையில் போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம். விளம்பரம் தேடுவதில்லை என்பது அமைப்பின் மரபு. சிக்கலும் இங்கேதான். உள்ளே இருப்பவரைக் காக்கும் மௌனம், வெளியே தேடுபவருக்குக் கதவை மறைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் அந்த அமைப்பே ஒரு தேடலில் பிறந்ததுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் வியாபாரம் கைநழுவிய நிலையில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றிருந்தார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு. இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பட்டியலும் டெலிபோனும். அவர் டெலிபோனை எடுத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். கடைசியில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10தான் அமைப்பின் பிறந்த நாள். இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது. கேரளத்தில் மலையாளத்திலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பள்ளி வகுப்பறையோ தேவாலயக் கூடமோ போதும்.

உள்ளே நடப்பது பிரசங்கமும் அல்ல, விசாரணையும் அல்ல. ஒருவர் எழுந்து, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. மலையாளம் சரளமாக வராத தமிழரும் காது கொடுத்து உட்காரலாம். விலையேறிய பாட்டிலும், அடகுக்குப் போன வளையலும், பேசாமல் போன பிள்ளையும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும். குடும்பத்தாருக்கு 1951இல் தொடங்கிய 'அல்-அனான்' தனியே இருக்கிறது.

இது வெறும் ஆறுதல் அல்ல. 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020இல் காக்ரேன் அமைப்பு அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க, இந்தக் கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ பலன் தருகிறது என்று கண்டது. ஆனால் கூட்டம் மருத்துவமனை ஆகாது. நாள் முழுதும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், பிறகு கூட்டம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை இரண்டையும் இணைத்தே பார்க்கின்றன.

கேரளத்தில் மதுவைப் பற்றிய சர்ச்சைக்குப் பஞ்சமில்லை. 1996இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 2014இல் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூட முடிவானது. 2017இல் பல பார்கள் திரும்பத் திறந்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் கேரளத்தில் சுமார் 20 சதவீதம், தமிழகத்தில் சுமார் 25 சதவீதம். எந்தக் கடையை மூடுவது என்று ஊரே பேசுகிறது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். ஆனால் நடுங்கும் கையோடு எத்தனை பேர் எண்ணைத் தேடிக் கொண்டிருப்பார்கள்? மருந்துக் கடைக்காரர், தொழிற்சங்க அலுவலகம், பாதிரியார், மௌல்வி, கோயில் நிர்வாகி என எல்லோரிடமும் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் எழுதிய ஒரு சீட்டு இருக்கலாம். அதனால் எந்த மரபும் மீறப்படாது. ரகசியமாக இருக்க வேண்டியது வருபவரின் பெயர். வர வேண்டிய இடத்தின் விலாசம் அல்ல.