சிலந்தியையும் எண்ணிப் பாருங்கள்

சம்பா கதிர் வாங்கும் நேரத்தில், பச்சை வயலின் நடுவே வட்டமாகத் தீய்ந்தது போல ஒரு திட்டு தெரிந்தால், தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். புகையான்! தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு பழுப்புப் பூச்சி. உடனே கால் போவது மருந்துக் கடைக்குத்தான்.

அது உறிஞ்சுவது என்ன? வெயிலைப் பிடித்து இலை சமைத்த சர்க்கரை. கதிரில் பாலாக ஏறி அரிசியாக வேண்டியது. அந்தச் சக்தி நெல்லிலிருந்து புகையானுக்கும், அங்கிருந்து புகையானைத் தின்னும் சிலந்திக்கும் போகிறது. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் பெரும்பகுதி செலவாகி, வெப்பமாகப் போய்விடும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடம்பில் சேரும். (இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்ட அமெரிக்கர் ரேமண்ட் லிண்டமன், 1942ல் தன் கட்டுரை அச்சாவதற்கு முன்பே 26 வயதில் இறந்துபோனார்.) அதனால்தான் தின்னப்படுவது எப்போதும் கூட்டம், தின்பது கொஞ்சம்.

இப்போது மருந்து அடித்தால் என்ன ஆகும்? இரண்டும் சாகும். ஆனால், புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைத்திருக்கிறதே! மருந்து அங்கே எளிதில் எட்டாது. சில நாளில் இளம்பூச்சிகள் வெளியே வரும்போது, வயலில் அவற்றைத் தின்ன ஆள் இருக்காது. முன்பைவிடப் பெரிய கூட்டம் கிளம்பும். மறுபடி மருந்து, மறுபடி கடன். இந்தோனேசியா இதில் நன்றாகச் சூடு பட்டது. 1986ல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சி மருந்துகளை அந்த அரசு ஒரே ஆணையில் தடை செய்தது.

சரி, புகையான் வருவதற்கு முன்பு சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? ஜாவா வயல்களில் நடந்து 1996ல் வெளியான ஆய்வு, பதிலைச் சேற்றில் கண்டது. மக்கும் வைக்கோல், தழை, எரு இவற்றை நம்பிப் பிழைக்கும் கொசு போன்ற சிறு பூச்சிகள்தான் அதன் முதல் சாப்பாடு. அவை நெல்லைத் தொடுவதே இல்லை. போன போகத்து வெயில், தாளாக மக்கி, பூச்சியாகப் பறந்து, இந்தப் போகத்துக் காவல்காரனுக்குச் சோறு போடுகிறது. நடவு முடிந்த கையோடு 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடிக்கும் மருந்து, அந்தச் சோற்றையே தட்டிவிடுகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்றாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். எண்ணுவதற்கு வரப்பில் நின்றால் போதாது. வயலில் இறங்கிக் குனிந்து, குத்தை லேசாகத் தட்டினால் தண்ணீரில் விழுவது எது என்று தெரிந்துவிடும். புகையான் கூடுதலாக இருந்தால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை நிறுத்த வேண்டும். மருந்துக் கடை அதற்கப்புறம்தான்.