குவாதலூப்புக்கு ஒரு வாரம்

பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, கல்விக் கடனையும் ஓரளவு அடைத்த பின்னர் நம்மில் பலருக்கு எழும் முதல் ஆசை வெளிநாட்டுச் சுற்றுலாதான். பாலி, பேங்காக், சென்னை என்று தொடங்கும் பயணம் சில ஆண்டுகளில் ஐரோப்பாவை எட்டிவிடுகிறது. அதற்கும் அப்பால் போக நினைப்பவர்களைக் கரீபியக் கடல் ஈர்க்கிறது. நீல நீரும் வெண்மணலும் தென்னை மரமும் நம் ரெடாங் தீவிலேயே இருக்கின்றன. இவற்றுக்காக மட்டும் பாதி உலகைச் சுற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயினும், அங்குள்ள குவாதலூப் தீவுக்குத் தமிழ் மாணவர் ஒருவர் வாழ்வில் ஒருமுறையேனும் போய்வர வேண்டும் என்பேன்.

குவாதலூப் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. 1848-இல் அங்கு அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான ஆள்களைத் தேடினர். 1854 டிசம்பர் 24-ஆம் நாள் 300க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு 'ஒரேலி' என்ற கப்பல் அத்தீவை அடைந்தது. 1880களின் இறுதிக்குள் புதுச்சேரி, காரைக்கால், கல்கத்தா துறைமுகங்களின் வழியாக ஏறக்குறைய 42,000 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். அதே நூற்றாண்டில்தான் நம் முன்னோரும் சஞ்சிக்கூலிகளாகப் பினாங்கில் இறங்கிச் செபராங் பிறையில் கரும்பு வெட்டினர். ஒரே ஊர் மக்கள், ஒரே வேலை. ஏறிய கப்பல் மட்டுமே வேறு.

இன்று அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது? ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. நம் மசாலாவில் சமைத்த கறி 'கொலம்போ' என்ற பெயரில் தீவு முழுவதற்கும் பொது உணவாகிவிட்டது. மாரியம்மன் வழிபாடு தொடர்கிறது. பொருள் முழுமையாக விளங்காவிட்டாலும் பூசைகளில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஆனால், வீட்டில் பேசும் மொழியாகத் தமிழ் இல்லை. அவர்களின் பேச்சு மொழி கிரியோலும் பிரெஞ்சும்தான்.

இதைக் கேட்டு, "ஐயோ, தமிழை விட்டுவிட்டார்களே!" என்று குறைசொல்வது எளிது. அது நியாயமன்று. அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளி இருந்ததில்லை. பள்ளி என்றால் பிரெஞ்சுப் பள்ளிதான். ஊரோடு இருந்த தொடர்பும் கப்பல்கள் நின்றதோடு அறுந்தது. குடியுரிமைக்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக வழக்கில் இறங்கினார். அந்தப் போராட்டம் 1923 வரை நீண்டது. அந்நிலையிலும் பெயரையும் தெய்வத்தையும் சமையலையும் காத்தவர்களை நாம் மதிக்க வேண்டும்.

நம் நிலை வேறாக அமைந்தது. தமிழகம் அருகில் இருந்தது. ஆள்கள் வந்து போய்க்கொண்டிருந்தனர். 1920களில் நடப்பில் இருந்த தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்க வகைசெய்தது. அப்பள்ளிகளைச் சமூகம் தாங்கிப் பிடித்தது. இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. நம் தமிழுக்குக் காரணம் நம் இரத்தம் என்று மேடையில் முழங்குகிறோம். பள்ளிக்கூடம்தான் காரணம் என்பதைக் குவாதலூப் நமக்கு உணர்த்தும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கும் வயதை நாமும் எட்டுவோம். அதற்கு முன்னர் அத்தீவைப் பார்த்துவிடுவது நல்லது.

திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். நமக்கு ஏற்ற வழி பாரிஸ்தான். அங்கிருந்து இன்னும் எட்டு, ஒன்பது மணி நேரம் பறக்க வேண்டும். பெரும்பாலான விமானங்கள் ஓர்லி நிலையத்திலிருந்து புறப்படுவதால் விமான நிலையம் மாற நேரம் ஒதுக்குங்கள். குவாதலூப் ஷெங்கன் எல்லைக்குள் வராது. நுழைவு விதிகளைத் தனியாக விசாரியுங்கள். பணம் யூரோ. வாடகைக் கார் எடுத்தால் வலப்புறம் ஓட்ட வேண்டும்.

முதல் நாளைப் போய்ன்த்-ஆ-பீத்ர் நகரில், பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறக்கப்பட்ட அடிமை வரலாற்று நினைவகத்துக்குக் கொடுங்கள். அது திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இரு நாள்கள் காப்ஸ்தேர் வட்டாரத்தில் ஷாங்கி கோவிலுக்கும் கார்பே நீர்வீழ்ச்சிக்கும். ஒரு நாள் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியர் எரிமலையில் ஏறலாம். மீதி நாள்கள் சேந்த்-ஆன் கடற்கரைக்கு. கடலில் குளிப்பது குற்றமா என்ன!

செலவு அதிகம்தான். மாணவர்கள் இப்போதே போக முடியாது. ஐந்தாண்டு சேமித்து, நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து போகலாம். போகுமுன் சில பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் கற்பிக்கும் ஆசான்களாக நடந்துகொள்ள வேண்டாம். உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு வருவோம்.