எங்கள் முறைப்பாட்டை யார் எழுதுவது?

1995ஆம் ஆண்டிலிருந்து நான் குற்றவாளி. அதுவரை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களைத்தான் தண்டித்தது. சட்டத்தைத் திருத்த உட்கார்ந்த பாராளுமன்றம், அந்தப் பிரிவைத் தூக்கி எறியாமல் பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டது. ஒரு பெண்ணை விரும்பி அவளோடு உறவுகொண்டால் இரண்டு வருடம் வரை சிறை. அதற்கு முந்தைய வருடம்தான், தஸ்மேனியா மனிதர் ஒருவரின் வழக்கில், வயது வந்தவர்களின் விருப்ப உறவைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு தீர்த்துச் சொல்லியிருந்தது. அந்தக் குழு கண்காணிக்கும் உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது. கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

"இந்தச் சட்டத்தில ஆரைப் பிடிச்சு உள்ள போட்டவங்கள்?" என்று கேட்கிறார்கள். உள்ளே போடத் தேவையே இல்லை. அண்ணன் அடித்து என் மணிக்கட்டு முறிந்தபோது, மாக்கட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தவர் முதலில் கேட்டது என் போனை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு புத்தகத்தை மூடினார். "எழுதினா முதல்ல உன்னைத்தான் உள்ள போடவேணும், பிள்ளை. வீட்ட போ." எந்த வீட்டுக்கு? அடித்தவன் இருக்கிற வீட்டுக்கு! அண்ணனுக்கு அந்தப் பிரிவின் இலக்கம்கூடத் தெரியாது. ஆனாலும் அது அவன் பக்கம்தான் நின்றது.

ரோசானா ஃப்ளேமர்-கல்தேரா என்ற இலங்கைப் பெண் இந்தச் சட்டத்தைப் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. குழுவிடம் கொண்டு போனார். 2022இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியதால் அந்தக் குழு கண்காணிக்கும் சமவாயத்தை இலங்கை மீறியிருக்கிறது, நீக்கு என்று. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். 2023இல் இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாதாரணப் பெரும்பான்மை போதும். அதுகூடக் கிடைக்கவில்லை. 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் போயிற்று.

சிங்களப் பெரும்பான்மையை மட்டும் குற்றம் சொல்லி என்னால் ஆற முடியவில்லை. என் நெஞ்சு எரிவது எங்கள் தமிழ் ஆட்களை நினைத்துத்தான். என் சித்தி, 2017 மாசியிலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு இருந்தவர்களில் ஒருத்தி. நானும் அந்த வெயிலில் அவரோடு இருந்திருக்கிறேன். உள்நாட்டு நீதியில் நம்பிக்கையில்லை, சர்வதேசம் வரவேண்டும் என்று எல்லோரோடும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பங்குனி வந்தால் எங்கள் தலைவர்கள் ஐ.நா.விடம் நீதி கேட்க ஜெனீவாவுக்குப் பறக்கிறார்கள். பறக்கட்டும், பறக்கத்தான் வேண்டும். ஆனால் என்னைப் பற்றிய தீர்ப்பும் அதே ஜெனீவாவில் இருந்துதானே வந்தது? அதற்கு மட்டும் ஏன் "இது எங்கட பண்பாடில்லை, வெள்ளைக்காரன்ர வேலை" என்கிறீர்கள்? வெள்ளைக்காரன் தந்தது அந்தத் தண்டனைச் சட்டக்கோவையை, 1883இல். அதை எந்தப் பண்பாட்டின் பெயரால் கட்டிக் காக்கிறீர்கள்?

தமிழ் உறுப்பினர்களே, எங்கள் வீடு தேடி வந்து வாக்குக் கேட்டீர்கள். நான் போட்டேன். சட்டமூலம் மறுபடி வரும் நாளில் ஆதரித்துக் கை உயர்த்துவீர்களா, மாட்டீர்களா? அதை இப்போதே, எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.