ஆராய்ச்சிப் பணம் தண்டச் செலவா?

வைத்திய இலாகாவின் மானியக் கோரிக்கை சட்டசபைகளில் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் அங்கத்தினர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே விதமான கேள்விகளே. எங்கள் தாலுகாவுக்கு ஆஸ்பத்திரி எப்போது வரும்? கட்டடம் எப்போது முடியும்? டாக்டர் எப்போது நியமிக்கப்படுவார்? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். நாம் குறை கூறவில்லை. ஆனால் கட்டி முடித்த ஆஸ்பத்திரியில் நடைபெறும் சிகிச்சை உண்மையில் பலன் அளிக்கிறதா, அதே பணத்தைக் கொண்டு இன்னும் அதிகமான ஜனங்களைக் குணப்படுத்த மார்க்கம் உண்டா என்று ஆராய்வதற்கு எவ்வளவு செலவிடப்படுகிறது என்று எழுந்து கேட்பவர் மிக அரியர். 2025-26ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கென ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 99,859 கோடி ரூபாய். அதில் சுகாதார ஆராய்ச்சி இலாகாவின் பங்கு சுமார் 3,901 கோடி. 100 ரூபாயில் 4 ரூபாய் கூட முழுதாகத் தேறவில்லை. வைத்தியம், விவசாயம், தொழில், ராணுவம் எல்லாவற்றுக்குமான ஆராய்ச்சியையும் ஒன்றாகச் சேர்த்தாலும், 2020-21இல் தேசம் செலவிட்டது அதன் மொத்த உற்பத்தியில் 100க்கு 0.64 மட்டுமே.

"மாத்திரைக்கே பணம் போதவில்லை, ஆராய்ச்சி என்ன கேடு?" என்று சிலர் கேட்கக்கூடும். ஏழை நாட்டில் இந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். அதற்குரிய விடை ஏதோ வெளிநாட்டுச் சரித்திரத்தில் இல்லை. சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது.

1956ஆம் வருஷத்தில், இந்திய வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஒரு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. அக்காலத்தில் க்ஷயரோகத்துக்கு ஸானடோரிய வாசமே உத்தமமான சிகிச்சை என்று டாக்டர்கள் நம்பினர். நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, தாதிமாரின் கவனிப்பு. இவை இல்லாமல் வெறும் மருந்தினால் என்ன ஆகும் என்பது பெரியோர் அபிப்பிராயம். தேசத்தில் நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ மிகக் குறைவு. ஸானடோரியமே வழி என்றால், பெரும்பாலோர் படுக்கைக்காகக் காத்திருந்தே மடிய வேண்டியதுதான்.

இந்த நிலையில் மேற்படி நிலையத்தார் ஒரு துணிச்சலான காரியம் செய்தனர். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் திருவுளச் சீட்டுப் போடுவது போலப் பாரபட்சமின்றி இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியினரை ஸானடோரியத்தில் சேர்த்தனர். மற்றப் பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கச் செய்து, அதே மருந்துகளை ஒரு வருஷ காலம் கொடுத்து வந்தனர். வீட்டிலிருந்தவர்களின் ஆகாரம் மட்டமானது. ஓய்வும் குறைவு, அவர்களில் பலர் வேலைக்கும் போய்வந்தனர். 1959இல் வெளியான முடிவு உலகத்து டாக்டர்களைத் திகைக்கச் செய்தது. இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்கு நோய் பரவிவிடுமே என்ற பயமும் ஆதாரமற்றதாயிற்று. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே வீட்டார் தொற்றுக்கு ஆளாகிவிடுகிறார்கள். மருந்து ஆரம்பமான பிறகு ஒரே கூரையின் கீழ் இருப்பதால் விசேஷமான அபாயம் எதுவும் காணப்படவில்லை.

இதன் விளைவு என்ன? உலகெங்கும் ஸானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோடிக்கணக்கான நோயாளிகள் குடும்பத்தை விட்டுப் பிரியாமல், ஜீவனத்தை இழக்காமல் சிகிச்சை பெற வழி பிறந்தது. கட்டாமல் விட்ட ஸானடோரியங்களினால் மட்டும் பொக்கிஷங்களுக்கு மிச்சமான பணத்தைக் கணக்கிட்டால், அந்த ஆராய்ச்சிக்கு ஆன செலவு அதன் வட்டிக்குக் கூட ஈடாகாது. ஆராய்ச்சி தண்டம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

அதே நிலையம் இன்று தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரால் நடைபெற்று வருகிறது. அதன் ஒத்துழைப்புடன் 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்து, 2023இல் முடிவு வெளியான மற்றொரு பரிசோதனையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் இதில் சேர்ந்தனர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ரேஷன் வழங்கப்பட்டது. அவ்விதம் உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக க்ஷயரோகம் காண்பது 100க்கு 39 வீதம் குறைந்தது. தொற்றக்கூடிய வகையோ 48 வீதம் குறைந்தது. 1956 பரிசோதனை ஆகாரம் முக்கியமல்ல என்றது, இது முக்கியம் என்கிறதே என்று யாரும் மயங்க வேண்டாம். முன்னது, நோய் வந்தவனை மருந்து குணப்படுத்துமா என்ற கேள்வி. பின்னது, நோய் வராதவனைச் சோறு காக்குமா என்ற கேள்வி. 2024 நவம்பரில் சர்க்கார் நோயாளிகளுக்கான மாத உதவித் தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பரிசோதனை நிரூபித்தது வீட்டாருக்கு அளித்த உணவின் பலனை. அந்த உணவோ பெரும்பாலும் தர்மவான்களின் கொடையை எதிர்பார்த்தே இருக்கிறது. தன் பணத்தால் கண்டுபிடித்த உண்மையைச் சர்க்காரே அரைகுறையாகக் கைக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

உடல்நோய் விஷயம் இவ்வாறாக, மனநோய் விஷயமோ இதைவிடப் பரிதாபமானது.

2015-16இல் பெங்களூர் தேசிய மனநல ஸ்தாபனம், மத்திய சுகாதார இலாகாவின் பணத்தைக் கொண்டு, தமிழ்நாடு உள்ளிட்ட 12 ராஜ்யங்களில் சுமார் 35,000 வயது வந்தோரைக் கண்டு ஒரு கணக்கெடுத்தது. 100க்கு 10.6 பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகைக்கேற்ப, 100க்கு 70 முதல் 92 பேர் வரை! கால் ஒடிந்தவர்களில் 100க்கு 70 பேர் கட்டுப் போடாமல் திரிகிறார்கள் என்றால் தேசம் அமளிப்படாதா? சித்தம் ஒடிந்தவர்கள் விஷயத்தில் ஏன் இந்த மௌனம்?

இதற்கு வழி தெரியாமல் இல்லை என்பதுதான் வேதனை. 1975 முதற்கொண்டே சண்டிகருக்கு அருகில் ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூருக்கு அருகில் ஸக்கலவாராவிலும் நம் ஸ்தாபனங்கள் ஆராய்ச்சி நடத்தின. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊழியர்களுக்கும் சில வாரப் பயிற்சி கொடுத்தால், கிராமத்திலேயே கடுமையான மனநோயையும் காக்காய் வலிப்பையும் கண்டறிந்து மருந்து கொடுக்கலாம் என்று அவை காட்டின. இதன் பேரிலேயே 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பெல்லாரி ஜில்லா முழுவதிலும் முறை சோதிக்கப்பட்டது. 1996இல் ஜில்லா மனநலத் திட்டம் முதலில் நான்கு ஜில்லாக்களில் தொடங்கிற்று. அவற்றுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. சென்னையிலும் 1981 முதல், இந்திய வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸிலின் ஆதரவில் தொடங்கி, கடுமையான மனச்சிதைவு கண்ட 90 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பலர் குணமடைந்து வேலையும் குடும்பமுமாக வாழ்ந்ததை அது வெளிப்படுத்தியது. பைத்தியம் பிடித்தால் விமோசனமில்லை என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமா?

இவ்வளவு தெரிந்திருந்தும் 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ந் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. கொட்டகையில் தீப் பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்தனர். இறந்தவர்கள் 28 பேர். சுப்ரீம் கோர்ட் தானாகவே முன்வந்து விசாரித்தது. பல கொட்டகைகள் மூடப்பட்டன. பின்னர் 2017இல் நிறைவேறி 2018 மே முதல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்ததுடன், சர்க்கார் செலவில் சிகிச்சை பெறுவதைப் பிரஜையின் உரிமையாகவும் ஆக்கிற்று.

சட்டம் சங்கிலியைத் தடுத்தது. சங்கிலியைத் தேடிச் சென்ற தாய் தகப்பன்மாரின் துயரத்தை எது தடுத்தது? பெற்ற பிள்ளையைக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று அவர்கள் ஏர்வாடிக்குப் போகவில்லை. வேறு போக்கிடம் தெரியாமலே போனார்கள். ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகும்; பஸ் கட்டணம் வேறு. போனாலும் டாக்டர் இருக்கும் கிழமை வேறாக இருக்கும். மருந்தால் தூக்கம் மிகுந்து, கை நடுங்கி, ஊரார் பேசத் தொடங்கினால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். இவையெல்லாம் வைத்தியப் புஸ்தகத்தில் இல்லாத விஷயங்கள். ஆனால் இவற்றை அறிவதுதான் இன்று மிக அவசரமான ஆராய்ச்சி என்பது நமது அபிப்பிராயம். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையுடன் மருந்தும் கிடைக்கும்படி பின்னாளில் செய்யப்பட்ட ஏற்பாடு, நம்பிக்கையைப் புண்படுத்தாமல் சிகிச்சையைக் கொண்டு சேர்க்கும் புத்திசாலித்தனமான முயற்சி. அது எவ்வளவு பேரைக் குணப்படுத்திற்று, வீடு திரும்பிய பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து சொல்ல வேண்டாமா?

இவ்வகை ஆராய்ச்சி நடக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கோவாவில், டாக்டர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு உதவி செய்யும் பரிசோதனை நடந்தது. 2010இல் முடிவு வெளியாயிற்று. சர்க்கார் நிலையங்களில் அவ்வுதவி பெற்றவர்களில் 100க்கு சுமார் 66 பேரும், சாதாரண சிகிச்சை பெற்றவர்களில் 42 பேரும் தேறினர். கோவா, ஸதாரா, காஞ்சீபுரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகளின் வீடு தேடிச் சென்று உதவும் முறை சோதிக்கப்பட்டு, ஓரளவு நன்மை உண்டு, செலவும் உண்டு என்று 2014இல் தெரிய வந்தது. நல்ல வேலைகள். செய்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. ஆனால் இரண்டுக்கும் பணம் கொடுத்தது லண்டனிலுள்ள வெல்கம் தர்ம ஸ்தாபனம். அந்த ஸ்தாபனத்துக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்கள். காஞ்சீபுரத்து நோயாளி தேறுவது எப்படி என்று அறியும் ஆவல் லண்டனுக்கு இருக்கும்போது சென்னைக்கும் டில்லிக்கும் அது குறைவாயிருப்பதே நமக்கு வெட்கம். அன்றியும், பணம் கொடுப்பவரே எந்தக் கேள்வியை ஆராய்வது என்று தீர்மானிப்பார். அவர் கை ஓய்ந்த நாளில் ஊழியர் கலைவார்கள்; காகிதம் மட்டும் எஞ்சும்.

ஏழைகளைப் பரிசோதனைப் பொருளாக்குவதா என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். சித்தம் கலங்கியவரிடம் சம்மதம் பெறுவது எளிதல்ல. பெற்றதாகக் காகிதத்தில் எழுதிக்கொள்வது மிக எளிது. 2017ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கெனத் தனி விதி செய்து, நோயாளியின் மனப்பூர்வமான சம்மதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது சரியே. ஆராய்ச்சியின் முடிவு நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அவர்கள் பாஷையில் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் நாம் கூறுவோம். பொதுஜனப் பணத்தால் நடந்த ஆராய்ச்சி, சந்தா கட்டிய சிலர் மாத்திரம் படிக்கும் இங்கிலீஷ் சஞ்சிகைகளில் அடைபட்டுக் கிடப்பது அந்தப் பொதுஜனங்களுக்கே செய்யும் அநீதி.

புதிய மாளிகைகளோ புதிய கமிட்டிகளோ இப்போது வேண்டியதில்லை. ஜில்லா மனநலத் திட்டத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு சிறு பங்கை அத்திட்டத்தின் பலனை ஆராய்வதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியை அந்தந்த ஜில்லாவின் சர்க்கார் வைத்தியக் கல்லூரியிடமே ஒப்படைக்கலாம். 2022 அக்டோபர் 10ந் தேதி முதல் 14416 என்ற எண்ணில் டெலிபோன் மூலம் மனநல ஆலோசனை வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்ற கணக்கை மந்திரிகள் பெருமையுடன் படிக்கிறார்கள். கூப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குப் பின்னர் மருந்தும் டாக்டரும் கிடைத்தன என்ற கணக்கே நமக்கு வேண்டியது.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டசபை அங்கத்தினர் யாராவது ஒருவர் எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்பாராக: சென்ற வருஷம் நமது ஜில்லாவில் மனநோய்க்குச் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழிந்த பின்னும் மருந்து உட்கொள்பவர்கள் எத்தனை பேர், விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? சுகாதார மந்திரி விடை சொல்லும் வரை அவரை உட்காரவிடலாகாது.